மரத்துப்போன கால்கள் குறித்து

அரியலூர்
17.8.1984

அன்பு மாப்பிள்ளை பழனிவேலுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் பாலசுந்தரம் எழுதிக்கொள்வது. இங்கு உன் அக்காள் சிந்தாமணி, மகள் அம்சவள்ளி, நான் ஆகிய மூவரும் சுகம். ‘நான்’ என்ற சொல்லை இன்னொரு முறை படித்துக்கொள்ளவும். திருச்சியில் நீங்கள் எல்லோரும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் நான் எழுதிய கடிதத்தை உடனே கிழித்து அடுப்பில் போடவும். அக்காளையும் குழந்தையையும் இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு இப்போது அவசியமில்லை. மூன்று மாதமாக ஆபீசில் மதியம் ஆனால் என் இரண்டு காலும் மரத்துப்போகும், பென்சிலால் குத்தினாலும் தெரியாது. எங்கள் அப்பா பக்கவாதத்தில் படுத்தவர், ஆகவே எனக்கும் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். சிந்தாமணியிடம் மூச்சு விடவில்லை. இருக்கிற நாளிலாவது அவள் மனம் குளிரட்டும் என்று தினமும் அவள் வைக்கிற குழம்பைப் புகழ ஆரம்பித்தேன், அதில்தான் அவளுக்குச் சந்தேகமே வந்தது.

இந்த நேரத்தில் எங்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்குத் தனி அலுவலராக வந்த ஜெயலட்சுமி அம்மா, குமாஸ்தாக்கள் உட்கார்ந்தே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று ஓர் உத்தரவு போட்டார். பதினொரு மணிக்குப் பியூன் வெள்ளைச்சாமி மணியடித்தால் எல்லோரும் எழுந்து கையைத் தூக்கி, குனிந்து, நிமிர வேண்டும். முதல் நாள் குனிந்த காசாளர் அரியமுத்து நிமிரவில்லை. இரண்டு பேர் பிடித்து நிமிர்த்தினோம். மறுநாள் செட்டிகுளத்திலிருந்து வெங்காய மூட்டையோடு வந்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “என்னங்க, எல்லாரும் கையத் தூக்கிட்டு நிக்கிறீங்க, திருடன் எவனும் பூந்துட்டானா?” என்றார். “உடம்புக்கு நல்லதுங்க பெரியவரே” என்றேன். “அப்ப சும்மா கையத் தூக்குறதுக்கு இந்த மூட்டையத் தூக்கித் தராசுல வைங்க” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு விட்டார்களா, எல்லோருக்கும் இலவச வைத்தியப் பரிசோதனை என்று நேற்று பெரம்பலூரிலிருந்து டாக்டர் செல்லதுரையை வரவழைத்துவிட்டார்கள். என் கால் விஷயம் வெளியே வந்துவிடுமே! பஸ்ஸுக்கு நேரமாகிக் கிளம்பிவிடுவார் என்று வரிசையில் கடைசியாக நின்றேன், அவர் கிளம்பவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், நான் அவரையே ஓர் உதை உதைத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “வாதம் வந்த காலு இப்படி உதைக்காதுங்க. நீங்க எங்க உக்காந்து வேலை பாக்குறீங்க, காட்டுங்க” என்றார். காட்டினேன். பிரம்பெல்லாம் அறுந்து குழி விழுந்த நாற்காலி, பன்னிரண்டு வருஷமாக அதில்தான் இருக்கிறேன். அவரே உட்கார்ந்து கால் மணி நேரம் மருந்துச் சீட்டெல்லாம் எழுதிப் பார்த்தார். “எனக்கே மரத்துப்போச்சு சார்! முன்பக்கச் சட்டம் தொடையப் போட்டு அமுக்குது. உங்களுக்கு ஒண்ணுமில்ல, நாற்காலியத் தூக்கி எறிஞ்சிட்டு அப்பப்ப எழுந்து நடங்க” என்றார். மாப்பிள்ளை, நான் பழைய பைல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து சிந்தாமணியிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அப்ப மூணு மாசமா நீங்க சொன்னது பொய்யா? கொழம்பு நல்லாயில்லையா?” இதற்கு என்ன பதில் சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுதவும்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசீர்வாதமும். எல்லோரும் நூறு வயது வரை யார் தோளையும் பிடிக்காமல் நடந்து திரிய வேண்டும்.

இப்படிக்கு,
பாலசுந்தரம்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் நான்கு நாள் ஆகிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ஜெயலட்சுமி அம்மா என்னை உடனடியாக வெளிவேலைக்கு மாற்றிவிட்டார். கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் முந்திரி விளைகிற ஊர்களுக்கெல்லாம் டவுன் பஸ் போகிற வரை பஸ், அதற்கு மேல் நடை. எனக்கென்று ஆபீசில் இனி நாற்காலியே கிடையாது. நேற்று மட்டும் ஏழு மைல் நடந்தேன். இரண்டு காலும் விண்விண்ணென்று வலிக்கின்றன, மாப்பிள்ளை. தொட்ட இடமெல்லாம் வலிக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.