கண்காட்சியில் ஒரு சவாரி

படித்து முடித்த முதல் வருஷத்தில் யாருக்கும் தலை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். எனக்குக் கழுத்தே வலித்தது.

கம்பவுண்டர் படிப்பு முடித்து, திண்டிவனம் கால்நடை ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலையில் இருந்தேன். (பெண்பிள்ளைக்கு மாட்டு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்காத நாளில்லை.) டாக்டர் ஒருநாள் சொன்னார்: "மெட்ராஸ்ல வருஷா வருஷம் மண்டபத்துக்குள்ளயே குதிரைக் கண்காட்சி நடக்குதும்மா. ஜட்கா குதிரைக்கும் பரிசு உண்டு. ஒண்ணைத் தயார் பண்ணி ஜெயிச்சுக் காட்டு. உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன்."

விழுப்புரம் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டும் ஏழுமலை அண்ணனின் செவலைக் குதிரையைப் பிடித்தேன். பல், குளம்பு, பிடரி, தீனி, சேணம் என்று பட்டியல் போட்டு ஒரு மாதம் பாடுபட்டேன்.

"என் கண்ணாலத்துக்குக்கூட எனக்கு இம்மாம் சிங்காரம் பண்ணலம்மா," என்றார் அவர்.

மெட்ராஸ் கண்காட்சியில் எங்கள் முறை வந்தது. பெரிய தகரக் கூரை, சுற்றிலும் ஜனம். மணி அடித்தார்கள். மற்ற வண்டிகள் நிதானமாக வட்டமடிக்க, செவலை எல்லாரையும் முந்திப் பாய்ந்தது. நடுவில் தோல்பையுடன் நின்ற பருத்த நடுவரிடம் போய், வண்டியின் பின்பக்கத்தை அவருக்குக் காட்டி நின்றது. அதன்பின் அசையவில்லை.

ஏழுமலை அண்ணன் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: "எங்க சாமி போவணும்?"

"நான் எங்கேயும் போகலையப்பா! வண்டியை எடு!"

நான் உள்ளே ஓடினேன். "என்னண்ணே ஆச்சு?"

"இன்னாத்த சொல்றது? கூரையப் பாத்துச்சு, ஜனத்தப் பாத்துச்சு, மணி வேற அடிச்சாங்க. ரயிலு வந்துட்ச்சுன்னு நெனச்சிக்கினு நிக்குதும்மா. சவாரி ஏறாம நவுராது."

"அவ்வளவுதானே?" என்று நானே ஏறினேன். செவலை திரும்பிப் பார்த்தது. மூட்டை முடிச்சில்லாதவளை அது சவாரியாக மதிக்கவில்லை. வேலை போச்சு என்று கீழே இறங்கினேன்.

நடுவர் பெருமூச்சு விட்டார். பையோடு ஏறினார். செவலை ராஜநடை போட்டு வட்டம் முழுக்கச் சுற்றியது. மண்டபமே எழுந்து கைதட்ட, நடுவரும் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

பரிசு ஒரு வெள்ளைக் குதிரைக்குப் போயிற்று. பார்க்க வந்திருந்த டாக்டர் முன்னால் தலைகுனிந்து நின்றேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பரிசு கிடக்கட்டும்மா. அத்தனை களேபரத்துலயும் ரெண்டு பேரும் சாட்டையைத் தொடலை. குதிரை உடம்புல ஒரு தழும்பு கிடையாதுன்னு நடுவரே வியந்துட்டுப் போறார். எழுதறேன், போ."

வேலை நிலைத்தது. கூடவே வேறொன்றும் நிலைத்தது. வீட்டில் நான் எந்த ஏற்பாடு செய்தாலும், என் பட்டியலில் விட்டுப்போனதைக் குத்திக்காட்டி என் தம்பி கேட்பான்: "கூரையப் பாத்தியாக்கா?" போன தை மாதம் என் கல்யாணத்துக்கும் கேட்டான். "எல்லாம் பாத்தாச்சுடா," என்றேன். அப்பா சொல்லியிருப்பார் என்று நானும், நான் சொல்லியிருப்பேன் என்று அப்பாவும் இருந்ததில், மேளக்காரருக்கு யாருமே சொல்லவில்லை. ஐயர் "கெட்டிமேளம்!" என்று குரல் கொடுக்க, தம்பி சமையல்கட்டிலிருந்து அண்டாவைத் தூக்கிவந்து கரண்டியால் விளாசினான். அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தாலி ஏறியது.