வாஹித் பாயின் கட்டைவிரல்

"என்னங்க, துப்பாக்கிக்காரன் படத்துக்கா கட்டைவிரல் போட்டீக?"

மனைவி பேகம் போனை நீட்டியதும் அப்துல் வாஹித்தின் கையிலிருந்த தோல் பை நழுவி விழுந்தது. தாராவியில் வீட்டிலேயே தோல் பைப் பட்டறை நடத்துகிறவர் அவர். வியாபாரி போனில் ஆர்டர் அனுப்பினால் அந்த நொடியே சம்மதம் என்று கட்டைவிரல் படம் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தில் எது வந்தாலும் கட்டைவிரல்தான். போன மாதம் ஒருவர் இறந்துபோன மய்யத்துச் செய்திக்கும் போட்டுவிட்டு, வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார்.

இந்தத் துப்பாக்கிப் படம் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது. முகமூடிக்காரன், துப்பாக்கி, கீழே பத்து வரி மராத்தி. மராத்தி பேசுவார், வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த மகள் பரீஹா நெருளில் ஆபீசில் இருந்தாள், போனை எடுக்கவில்லை.

பக்கத்துப் பட்டறை ஆறுமுகநயினாரை ஓடிப்போய் அழைத்து வந்தார். அவருக்கும் மராத்தி வாசிக்க வராது. ஆனால் சட்டம் தெரியும்.

"என்ன பாய், இப்படிச் செஞ்சுட்டீரு! தீவிரவாதத்துக்கு ஆதரவுன்னு தூக்கி உள்ள போட்டுருவான். ஜாமீன் லேசுல கெடைக்காது வே."

"நான் எங்க ஆதரிச்சேன் அண்ணாச்சி? நான்தான் எதையுமே வாசிக்கிறதில்லையே!"

"அத கோர்ட்ல போயிச் சொல்லும்."

பேகத்தை மக்காவுக்கு உம்ரா அழைத்துப் போக வேண்டும் என்பது வாஹித்தின் நெடுநாள் ஆசை. அதற்கான பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வருவது இன்றைக்குத்தான்.

கட்டைவிரலை எடுத்துவிடலாம் என்று அதைத் தொட்டார். கட்டைவிரல் போய், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் வந்து உட்கார்ந்தது.

"அட, சிரிக்க வேற செய்யுதீரே!" என்று தலையில் கைவைத்தார் நயினார். "அத விடும். வாயால பேசிப் போடும். எல்லாருக்கும் வெளங்கட்டும்."

வாஹித் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல கணீர் இந்தியில் பேசி அனுப்பினார். 'இந்தச் செய்தியில் சொல்லியிருக்கும் எதற்கும் எனக்குச் சம்மதமில்லை. ஒரு வரிக்குக்கூட இல்லை. நல்லவர்கள் யாரும் இதைக் கேட்டு நடக்க வேண்டாம்!'

மனம் அப்போதும் ஆறவில்லை. குழுவை விட்டே வெளியேறினார்.

"குத்தம் செஞ்சவன் ஓடிப்போன மாதிரில்லா இருக்கு!" என்றாள் பேகம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கான்ஸ்டபிள் வந்தனா. மராத்திக்காரிதான், ஆனால் மாட்டுங்கா லேபர் கேம்பில் தமிழர்களோடு வளர்ந்தவள். நயினார் பின்வாசல் வழியாக மாயமானார்.

வந்தனா உட்கார்ந்து பாஸ்போர்ட் பைலைப் பிரித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் வாஹித் எழுந்து நின்றார்.

"மேடம், அந்தப் படம், அந்த மெசேஜ், எதையும் நான் ஆதரிக்கல. வாய்ஸ்ல சொல்லிட்டேன். இப்பவும் சொல்லுதேன், முழுசா எதிர்க்கேன்! குரூப்பையே வேண்டாம்னு விட்டுட்டேன்!"

வந்தனா பேகம் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்தாள். சிரிப்பை அடக்க அவள் படும் பாடு தெரிந்தது.

"தீவிரவாதத்துக்கு யாரும் சப்போர்ட் பண்ணாதீங்கன்னு ஸ்டேஷன்லேர்ந்து நான்தான் சாச்சா உங்க தெரு குரூப்ல அந்த நோட்டீஸ் போட்டேன். மொத கட்டைவிரல் உங்களோடது, பாத்து ரொம்ப குஷியாயிட்டேன். இப்ப சொல்லுங்க, அதுல எந்த வரிக்கு உங்களுக்குச் சம்மதமில்ல?"