முப்பத்தொரு ஸ்டிக்கர் ஒட்டிய வீடு

குறை இல்லாத பொருளைக் கண்டால் முகம் வாடிப்போகிற மனுஷி இந்த உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் கம்பெனியின் ஆல்ட்டர் அக்கா.

பனியன் கம்பெனியை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர்களுக்காக ஒரு விளக்கம். தைத்து முடித்த துணியைச் செக்கிங் மேஜையில் விரித்துப் பார்ப்போம். தையல் விட்டிருந்தாலோ கோணியிருந்தாலோ அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவோம். அப்படித் தள்ளிய குறைத்துணிக்குச் செகண்ட்ஸ் என்று பெயர். அதைப் பிரித்துச் சரிசெய்வதற்குப் பெயர் ஆல்ட்டர். சரிசெய்த துணி, அதைத் தள்ளிய அதே செக்கரிடம் திரும்ப வர வேண்டும். அவர் சரி என்று சொன்னால்தான் பேக்கிங்கில் வாங்குவார்கள். ஸ்டிக்கர் ஒட்டுவது நான். டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்துவிட்டுக் குவாலிட்டியில் இருக்கிறேன். பிரித்துத் தைப்பது அக்கா. அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். சம்பளப் பட்டியலுக்கு வெளியே யாரும் அதை உபயோகித்ததில்லை.

அக்காவின் வேலை ஐந்தரை மணிக்கு முடிவதில்லை. குடை வாங்கப் போனால் கம்பி வளைந்ததாகப் பார்த்து எடுப்பார். கத்தரிக்காயில் கோணலானது, டிபன் கேரியரில் மூடி சேராதது. ஒரு தீபாவளிக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் மிக்ஸி கொடுத்தார்கள். அக்காவுடையது முதல் நாளே நன்றாக ஓடிவிட்டது. இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள், அயர்ன் மாஸ்டரின் மிக்ஸி கரகரவென்று சத்தம் போடுவதாகக் கேள்விப்பட்டு, தன்னுடையதைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகப் போனார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படிக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவரும் செகண்ட்ஸ்தான் கண்ணு. பாதி ஆல்ட்டர் முடிஞ்சுது. மிச்சம் ஓடிட்டிருக்குது."

அந்த வீட்டுக்காரர் கொத்தனார். இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். கல்யாணத்துக்கு முன்னால், என் பேரில், வாடகை வருகிற ஒரு சின்னக் கட்டடம். வெள்ளகோவிலில் எங்கள் வீட்டில் என் சேமிப்பை நகையாக்கிவிடத் துடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் போட்டேன். பத்திரம், பட்டா, தண்ணீர், சாக்கடை, கூரையின் வயது, பக்கத்து வீட்டு நாய் என்று இருபத்து மூன்று கட்டங்கள். இரண்டு வருஷத்தில் பதினெட்டு வீடுகள் பார்த்தேன். பதினெட்டும் ரிஜெக்ட்.

பத்தொன்பதாவது வீடு முதலிபாளையத்தில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து குடித்தனங்கள் இருக்கும்படி கட்டிய லைன் வீடு. ஐந்தும் காலி. அன்று ஞாயிற்றுக்கிழமை, பஸ் இல்லை. அக்காவின் வண்டியில் போனேன். ஆமாம், நானேதான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இன்றுவரை இதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

கையில் ஸ்டிக்கர் ரோல் இருந்தது. பழக்கம் விடுமா? சுவரில் விரிசல், ஒரு அம்பு. சாய்ந்த படி, ஒரு அம்பு. உள்ளே திறக்க வேண்டிய கதவு வெளியே திறந்தது, ஒரு அம்பு. ஐந்தாவது அறையின் ஜன்னலை ஒரு வேப்பமரம் அடைத்துக்கொண்டிருந்தது, அதற்கும் ஒன்று. மொத்தம் முப்பத்தொன்று. வீட்டை விற்கிற பெரியவர் தோளில் துண்டோடு என் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஊடு பாக்க வந்தீங்களா, இல்ல ஊட்டுக்கு அம்மை போட்டிருக்குதான்னு பாக்க வந்தீங்களா?"

அக்கா உள்ளே வரவே இல்லை. வாசலில் நின்று ரோட்டு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார். அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"கண்ணு, அந்த ஊடு உனக்கு வேண்டாந்தானே?"

"வேண்டாங்க்கா. ரிஜெக்ட்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"முப்பத்தொரு டிஃபெக்ட்டுங்க்கா."

"செரி."

இரண்டு முறை கேட்டார். எந்த நீதிமன்றத்திலும் அவர் பக்கம்தான் தீர்ப்பு வரும்.

அடுத்த மாதம் செக்கிங் மேஜைக்கு ஒரு பொட்டலம் மைசூர்பாகு வந்தது. ஓரமெல்லாம் உடைந்தது. பொங்கலூரில் தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்றுவிட்டு, கொஞ்சம் கடனும் வாங்கி, அந்த லைன் வீட்டை அக்கா கிரயம் செய்திருந்தார்.

"எதைப் பாத்து வாங்குனீங்க்கா? நீங்க உள்ளயே வரலியே."

"உள்ள எதுக்கு வரோணும்? ரோட்டு முனையில, வேலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற கம்பெனி வேன் திரும்புறதப் பாத்தேன். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அப்பவே மூணு வேன் திரும்புச்சு. வேன் நிக்கற எடத்துல ஊடு காலியா கெடக்குமா? கெடக்குதுன்னா ஊட்டுலதான் கோளாறு. கோளாறத்தான் நீ குறிச்சு வெச்சுட்டியே."

என் இருபத்து மூன்று கட்டங்களில் வேன் இல்லை.

அன்றிலிருந்து எனக்குப் பொறாமை. அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் அந்த வீட்டின் மேல். பிறகு அக்காவின் தைரியத்தின் மேல். அதன்பிறகு அவருடைய செகண்ட்ஸ் கொத்தனார் மேலேயே வந்துவிட்டது. ஞாயிறுதோறும் இருவரும் சாந்துச் சட்டியோடு முதலிபாளையம் போனார்கள். திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வரும்போது புருவத்தில் சிமெண்ட் இருக்கும். "உன்ற ஸ்டிக்கரப் பாத்துப் பாத்துத்தான் கண்ணு பூசறோம். ஆள் வெச்சுக் கேட்டிருந்தாக்கூட இத்தன சுத்தமா ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்க மாட்டாங்க" என்பார் மனதார. அன்றைக்கு அவர் ஆல்ட்டர் செய்து கொண்டுவரும் துணியில் நான் கூடுதலாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார். பொறாமைப்படுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மூன்று மாதத்தில் வேலை முடிந்தது. அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ரீ-செக்கிங் வந்துரு கண்ணு."

"எதுக்குங்க்கா?"

"நீ தள்ளின பீஸு. நீ பாஸ் பண்ணாம எப்படி ஆள் ஏத்தறது?"

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஷிப்மெண்ட் இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம், துணி வாங்குகிற பையரின் ஆட்கள் சோதனைக்கு வரும் ஆடிட். உண்மையில் அந்த வீடு அழகாகியிருப்பதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. அக்கா அவசரப்படுத்தவில்லை. கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து அறைகளையும் பூட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

நான்காவது வாரம் கம்பெனி கேட்டில் ஒரு பெண் என்னை மறித்தார். தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

"ஏம்மா, அந்த செக்கர் நீங்கதானா?"

"ஆமாங்க."

"நாங்க சட்டி பானையெல்லாம் கட்டி வச்சி இருவது நாளாச்சு. சொந்தக்காரவுக வீட்டுல எட்டுப் பேரு ஒரே ரூம்புல கெடக்கோம். அந்த அக்காட்ட கேட்டா, செக்கர் பாஸ் போடணுங்காவ. வீட்டுக்கு எந்த ஊர்லம்மா பாஸ் போடுதாவ? எப்ப வருவீய?"

என் பொறாமையால் ஒரு குடும்பம் சட்டி பானையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த ஞாயிறே போனேன். ஆனால் புது ஸ்டிக்கர் ரோலோடு போனேன். மனதின் ஒரு மூலையில் முப்பத்திரண்டாவதைக் கண்டுபிடிக்கும் வெறி இருந்தது.

இரண்டு மணி நேரம் பார்த்தேன். சாய்ந்த படி நேராகியிருந்தது. கதவு உள்ளே திறந்தது. விரிசல் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தும் கை கண்டுபிடிக்கவில்லை. அக்கா தேர்வு முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஐந்தாவது அறையின் ஜன்னலில் மட்டும் என் பழைய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. வேப்பமரமும் அப்படியே இருந்தது.

"இது பண்ணலீங்களா?"

"இல்ல. அது டிஃபெக்ட் இல்ல கண்ணு. அதுக்கு மட்டும் உங்கூட சண்ட போடலாம்னு வெச்சிருக்கேன். அங்க உக்காரு."

ஜன்னல் மேடையில் உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. மரம் அசைந்ததும் அறைக்குள் குளிர்ச்சியாகக் காற்று வந்தது. கிளைகளுக்கு நடுவே, ரோட்டு முனையில் ஒரு வேன் திரும்புவது தெரிந்தது. சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. ஸ்டிக்கரை உரித்தேன்.

"பாஸுங்க்கா. அஞ்சும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிமெண்ட் தூசி என்றார்.

"இந்த ரூமுக்கு ஆள் வந்தாச்சுங்களா?" என்றேன்.

"இன்னும் இல்ல."

"நான் வரட்டுங்களா?"

"உன்ற ஹாஸ்டலுக்கு என்ன?"

"அதுல பதினாலு டிஃபெக்ட்டுங்க்கா."

"வா. ஒரே கண்டிசன். உள்ள ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது."

இப்படித்தான், வீட்டுக்குச் சொந்தக்காரியாகப் புறப்பட்ட நான் ஆல்ட்டர் அக்காவின் ஐந்தாம் நம்பர் குடித்தனக்காரியானேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் வாடகையோடு சேர்த்து அதையும் கொடுத்துவிட்டு வருகிறேன். அடுத்த மாதமே திரும்ப வந்துவிடுகிறது.

வருகிற ஞாயிறு பொங்கலூரில் ஒரு வீடு பார்க்கப் போகிறேன். அக்காவின் வண்டியில்தான். பட்டியலில் இருபத்து நான்காவது கட்டமாக வேனைச் சேர்த்துவிட்டேன். "உனக்கு வேண்டாந்தானே?" என்று அவர் கேட்கும் முன்பே, வேண்டும் என்று சொல்லிவிடுவதாக உறுதி எடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கவலைதான். அந்த வீட்டில் நாலைந்து குறையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்காவின் முகம் வாடிப்போகும்.