சிவப்பாகத் தெரிந்த தண்ணீர்

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் ஊருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அரசாங்கம் வெகுகாலமாகத் தவித்துவந்தது. மேலே என்ன இருக்கிறது என்பதில் அதற்கு அவ்வளவு தவிப்பு இல்லை. ஆகவே மண்ணுக்குள் மின்காந்த அலையை அனுப்பி, வண்டல் படுகையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்க ஒரு குழு வந்து சேர்ந்தது. தலைமை, திட்ட அலுவலர் ரகு.

ஊரில் நெல் போட்டிருந்த மணியம்மாளுக்குச் சந்தோஷம். போர்வெல்லுக்குக் கரண்ட் கேட்டு மனு போட்டிருந்தாள். அடியில் நல்ல தண்ணீர் என்று படம் சொன்னால்தான் இணைப்பு. நெல்லோ கதிர் விடும் நேரம். அதுவரை போரில் தண்ணீர் இறைத்துவந்த ஆயில் இன்ஜின் தினம் ஒரு வியாதி சொல்லிக்கொண்டிருந்தது.

குழு அவள் கழனியில் ஒயரை விரித்தது. எங்கள் பக்கம் போர் பொய்த்தால் இரும்புக் குழாயைப் பிடுங்கமாட்டோம். அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று போடுவோம். மணியம்மாள் கழனியில் அப்படி நான்கு குழாய்கள் மண்ணுக்குள் நிற்கின்றன. அலை இரும்பைக் கண்டதும் கணினித் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

"உப்புத் தண்ணீர்," என்றார் ரகு.

"இன்னா சார் சொல்றீங்க? அது செத்த போரோட இரும்பு பைப்பு சார்."

"இருக்கலாம். இந்தத் திட்டத்தில் இரும்புக்கு வண்ணம் ஒதுக்கப்படவில்லை. சிவப்பு என்றால் உப்பு."

"ஒரு வாய் குடிச்சிப் பாருங்க சார்."

ரகு குடித்தார். வெயிலுக்கு இதமாக இருந்ததால் இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "நாக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல, அம்மா," என்றார்.

படத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். வழுவழுப்பான தாள், விதவிதமான வண்ணம். இவ்வளவு அழகான படம் பொய் சொல்லாது என்று ஊர் முடிவு செய்தது. அதுவரை அவள் போரில் குடம் குடமாகப் பிடித்துப்போனவர்கள் கேன் தண்ணீருக்கு மாறினார்கள்.

"எனுக்கு அப்பவே டவுட்டு," என்றான் பக்கத்துக் கழனி முனுசாமி.

மணியம்மாள் விடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரோடு குறைதீர் கூட்டத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சாட்சிக்கு அவள் மகன் விமல். அந்தக் கழனித் தண்ணீரிலேயே வளர்ந்தவன்.

"குடிச்சிட்டு நீயே சொல்லு நைனா," என்றாள் அதிகாரிகள் முன்னால்.

விமல் ஒரு மடக்கு குடித்தான். எதிரே ரகு படத்தை விரித்துவைத்திருந்தார். விமல் அதைப் பார்த்தான், இன்னொரு மடக்கு குடித்தான்.

"லேசா கரிக்குதும்மா."

மணியம்மாள் சொம்பைப் பிடுங்கித் தானே ஒரு வாய் குடித்தாள். படத்தைப் பார்த்தபடியே இன்னொரு வாயும் குடித்தாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு," என்றாள்.