கட்டாயக் கறுப்பு

மனிதகுலம் முதுமையை வென்ற இடம் கிழக்கேகோட்டையில், ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. அங்கேதான் நான் வேலை பார்க்கிறேன். எங்களுடையது மருத்துவக் காப்பீட்டு அலுவலகம்.

மேனேஜர் கைலாஷ் கூட்டம் போட்டு, மலையாளம் கலந்த தமிழில் அறிவித்தார்: "நரைச்ச தலையப் பாத்தா கஸ்டமருக்கு நோய் ஞாபகம் வருது. திங்களாழ்ச்ச முதல் கறுப்பு கட்டாயம்."

அவருக்கு முழு வழுக்கை. ஆகவே யோசனையை மட்டும் நன்கொடையாகத் தந்தார். எங்களுக்கு ஆளுக்கொரு 'மூலிகை' டை பாக்கெட்டும் தந்தார்.

கவுண்டரில் உட்காரும் சூடாமணி மாமி வலியசாலைக்காரர். ஐம்பத்தைந்து வயது. கையில் கிடைப்பதைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துவிட்டார்.

"சார், இதுல பாராபினைலீன் டயமின்னு ஒண்ணு இருக்கே. காதுக்குப் பின்னாடி தடவி, ஒத்துக்கறதான்னு ரெண்டு நாள் பாக்கணுமாம்."

மேனேஜர் போனில் தேடினார். "அரோமாட்டிக் அமீனாக்கும். அரோமாட்டிக்னா வாசனை அல்லே மேடம்? நல்லதுதான்."

"இருந்தாலும் ரெண்டு நாள்..."

"திங்களாழ்ச்ச ஸோனல் மேனேஜர் வர்றார். காதுக்கெல்லாம் சமயம் இல்ல."

மாமி ஒப்பந்த ஊழியர். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டும். அதனால் பூசிக்கொண்டார்.

திங்கள் காலை மாமியின் தலை இளமையாக வந்து சேர்ந்தது. முகம்தான் வேறு யாருடையதோ போலிருந்தது. இமைகள் வீங்கி மூடியிருந்தன. வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரம் அவரை 'அந்நியர்' என்று அறிவித்தது. நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

தோல் டாக்டர் ரெனி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "இத வச்சு சாயம் செய்வாங்க, ரப்பர்ல சேக்குற ரசாயனமும் செய்வாங்க. பாக்டரியில கையுறை போட்டுத்தான் தொடுவாங்க. நீங்க மண்டையில தேச்சிருக்கீங்க. தொண்டையும் வீங்கியிருந்தா மூச்சு நின்னிருக்கும்மா. இனி ஆயுசுக்கும் இதத் தொடாதீங்க."

"மூலிகைன்னு போட்டிருந்துதே, டாக்டர்."

"மூலிகையும் கொஞ்சம் இருக்கும்."

மாமி அழுதார். அந்த இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் வெளியே வருவதற்கே சிரமப்பட்டது.

இரண்டு நாள் படுக்கை. எங்கள் நிறுவனத்திலேயே எடுத்திருந்த பாலிசியில் மாமி கிளெய்ம் கேட்டார். 'அழகுக்காகத் தாமே வரவழைத்துக்கொண்டது' என்று நிராகரித்தார்கள்.

"கட்டாயம்னு சொன்னது நீங்கதானே சார்?"

"கறுப்புதான் கட்டாயம் மேடம். வீக்கம் உங்க சொந்த விருப்பம்."

மாமி வீக்கம் வடியாத முகத்தோடு கவுண்டரில் போய் உட்கார்ந்தார். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் ஒருவர் பாலிசி எடுக்க வந்தார்.

"அம்மா, ஒரு ஆபத்துன்னா இவங்க கிளெய்ம் தருவாங்களா?"

"நானும் இங்கதான் எடுத்திருக்கேன். என் மூஞ்சியப் பாத்துக்கோங்கோ."

அவர் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்து வந்தவர்களும் அப்படியே போனார்கள்.

எங்கள் பாலிசியை இத்தனை தெளிவாக விளக்கிய முகம் இதற்குமுன் அந்தக் கவுண்டரில் இருந்ததில்லை. அதனால்தான் அன்று மாலையே அந்த முகத்தைப் பின்னறைக்கு மாற்றினார்கள்.