தெருவில் ஒரு வெள்ளோட்டம்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். படகும் ஏறக்குறைய நலம். உங்கள் இருவர் நலத்தையும் கேட்டு எழுதச் சொல்லி அத்தை பக்கத்திலேயே நிற்கிறாள், கேட்டுவிட்டேன்.

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது நாம் பேசிக்கொண்டது மொத்தமும் "வெயில் ஜாஸ்தி", "ஆமா மாமா" என்பதோடு முடிந்துபோயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே மகளின் புருஷனும் நானும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன பிழைப்பு? கல்யாணத்தன்று உங்கள் பொழுதுபோக்கு என்னவென்று நான் கேட்டதும், மீன் பிடிப்பது என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. உடனே ஒரு பழைய சிறு படகை, அதை ஏற்றி இழுக்கும் வண்டியோடு சேர்த்து வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் நீங்கள் வந்ததும் ஒரு பகல் முழுக்க அதில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்பது என் எண்ணம்.

தூண்டில் கடைக்காரர், படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் போலி மீன்களை இழுத்துப் போய்ப் பிடிப்பதுதான் ஜோர் என்றார். மூன்று தூண்டில் கம்புகளில் நடுக்கம்பு நிமிர்ந்தும் பக்கத்துக் கம்புகள் இரண்டும் வெளியே சாய்ந்தும் நிற்க வேண்டுமாம், அப்போதுதான் தூண்டில் நரம்புகள் ஒன்றோடொன்று சிக்காதாம். வாழ்நாளெல்லாம் நிலம் அளந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானே ட்ரில்லிங் மிஷினை எடுத்தேன். கம்பு செருகும் குழாய் மூன்றும் சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்றுவிட்டன, சாயவே மாட்டேன் என்கின்றன, அது போதாதென்று குழாய் வேறு அகலமாகப் போனதால் பழைய மேஜை விரிப்பைக் கிழித்துக் கம்புக்குச் சுற்றினேன், பழையது என்று நான்தான் நினைத்தேன், உங்கள் அத்தை நினைக்கவில்லை, அன்று எனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி எழுதுவதற்கில்லை.

சரி, வெள்ளோட்டம் பார்க்க வேண்டுமே. ஏரிக்கு எதற்கு, தெருவே போதும் என்று படகு வண்டியைக் காரில் மாட்டி, அத்தையை நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொல்லி, நான் படகில் ஏறிக்கொண்டு போலி மீன்களைத் தார்ச்சாலையில் விட்டேன். முதலில் யார் வீட்டு மிதியடியோ மாட்டியது, அப்புறம் தெருப் பூனையெல்லாம் பின்னாலேயே ஊர்வலம் வந்தன, முனை திரும்பியதும் மூன்று நரம்பும் சடை பின்னிக்கொண்டன, அந்த நேரம் பார்த்து சைக்கிளில் எங்களைக் கடந்துபோன தையல்காரரின் கேரியரில் கொக்கி மாட்ட, மனுஷன் அது தெரியாமல் மிதிக்க, ரீல் கிர்ரென்று ஓட, நான் சந்தோஷத்தில் "மாட்டிக்கிச்சு" என்று கத்த, அத்தை பயந்துபோய் பிரேக் போட, நான் படகுக்குள்ளேயே குப்புற விழுந்தேன். தையல்காரர் திரும்பிப் பார்த்து, "சார், ஒரு குரல் குடுத்திருந்தா நானே வந்திருப்பேனே" என்றார். நல்ல மனுஷன். ஆனால் ஒன்று, கம்பு அந்த வளை வளைந்தும் குழாய் இம்மி அசையவில்லை.

ஆகவே எல்லாம் தயார். தொப்பி மட்டும் கொண்டுவரவும். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். நீங்கள் ஜென்மத்தில் தூண்டிலைத் தொட்டதே இல்லையாம். படகென்றாலே தலை சுற்றுமாம். கல்யாணத்தன்று நான் திடீரென்று கேட்டதில் பதறிப்போய், எனக்குப் பின்னால் இருந்த மீன்தொட்டியைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டீர்களாம். இப்போது என் மனசு நோகக் கூடாதென்று மொட்டைமாடியில் துடைப்பக் கம்பை வீசிப் பழகுகிறீர்களாம். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு கெஞ்சுறாருப்பா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. நானும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் நடுக்கம். தெருவில் வெள்ளோட்டம் விட்டதே அதனால்தான். படகு முற்றத்து மரத்தடியிலேயே நிற்கட்டும், நீங்கள் பயப்படாமல் வாருங்கள். அதிலேயே ஏறி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அந்தக் குழாயில் டீ டம்ளரை வைத்துப் பார்த்துவிட்டேன். சாயாமல், ஆடாமல், கச்சிதமாக நிற்கிறது.