பிளம்பர் கையில் பதினான்கு நாள்

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனரும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளருமாகிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கையின் ஒரே கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மகளும் நலம். என் விரல் நகங்கள் பத்தும் அதைவிட நலம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் தங்களுடைய வலது முழங்காலும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. செவ்வாய்க்கிழமை காலை தாங்கள் என் போனுக்கு ஒரு படமும், அதற்குக் கீழே "இது யார் கை?" என்று மூன்றே சொற்களும் அனுப்பியிருந்தீர்கள். படத்தில் பைப் ரெஞ்சைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். ரோமம் அடர்ந்த, சந்தேகத்துக்கு இடமில்லாத ஆண் கைகள். அவற்றில் பத்து நகங்களும் பளபளவென்று ராணி கலர். மச்சான், மறைக்க விரும்பவில்லை. அது என் கைதான். வலது பெருவிரலில் உள்ள தழும்பு உங்கள் வீட்டு மோட்டாரைப் பிரித்தபோது பட்டது என்பது உங்களுக்கே தெரியும், தெரிந்துதான் கேட்டிருக்கிறீர்கள். போனில் விளக்கலாம் என்று பார்த்தேன். முதல் வாக்கியத்திலேயே சிரித்துவிடுவீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது என்பதால் எழுதுகிறேன். முழுவதையும் படித்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை பதினொரு வருஷம் சட்டைக்குப் பொத்தான் தைத்த கம்பெனியை மூடிவிட்டார்கள் அல்லவா, அதற்குப் பிறகு அவள் ஓர் அழகு நிலையத்தின் பயிற்சி வகுப்பில் சேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். முகம், முடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நகத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜெல் பாலிஷ் என்று ஒன்று இருக்கிறது மச்சான். சாதாரண நகப்பூச்சு மூன்றாம் நாள் உதிர்ந்துவிடும். இது வாரக்கணக்கில் நிற்கும். பூசி, நீல விளக்குப் பெட்டிக்குள் விரலை நீட்டினால் ஒரு நிமிஷத்தில் கல்லாக இறுகிவிடுகிறது. இறுதித் தேர்வும் அதில்தான். தேர்வாளர் முன்னிலையில் ஒருவர் கைக்குப் பூசிவிட வேண்டும். அந்த ஆள் பதினான்காம் நாள் திரும்பி வந்து கையைக் காட்ட வேண்டும். ஒரு நகத்தில் ஓரம் பெயர்ந்திருந்தாலும் தேர்ச்சி இல்லை. அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. கை கொடுப்பதாகச் சொல்லியிருந்தவர் மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மா. தேர்வு அன்று காலை அவருக்கு உடம்பெல்லாம் அம்மை போட்டுவிட்டது.

நான் அங்கே பெட்டி தூக்கிக்கொண்டு போனவன், அவ்வளவுதான். ஸ்கூட்டரில் அவளை இறக்கிவிட்டு வேலைக்குப் போக வேண்டியவன். தேர்வாளர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி, "மாடல் இல்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா, அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்" என்றார். உங்கள் தங்கை அழவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பியிருப்பேன். அவள் பாட்டுக்கு மேசையில் பரப்பி வைத்திருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள். ஏழாவது பாட்டில் உள்ளே போனபோது என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏம்மா, மாடல்னா பொம்பளையாத்தான் இருக்கணுமா?"

தேர்வாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மேலிருந்து கீழே படித்தார். பிறகு என்னையும் மேலிருந்து கீழே படித்தார். "பத்து நகம் இருக்கணும்னுதான் போட்டிருக்கு" என்றார்.

நிறத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பார்களாம். கையின் நிறத்திலேயே ஒன்று இருக்கிறது, மங்கலாகக் காப்பி நிறம் ஒன்று இருக்கிறது, ஒன்றுமே தெரியாத கண்ணாடி நிறம்கூட ஒன்று இருக்கிறது. எனக்கு வாழ்நாளில் எந்தக் குலுக்கலிலும் ஒன்றும் விழுந்ததில்லை. அன்றைக்கு ராணி கலர் விழுந்தது.

ஒன்றரை மணி நேரம் மச்சான்! இருபத்திரண்டு வருஷமாகக் குழாய்க்குள் போய் வந்த நகங்களை அவள் அராவினாள், நகத்தோடு ஒட்டிய தோலைக் குச்சியால் பின்னுக்குத் தள்ளினாள், ஏதோ திரவத்தால் துடைத்தாள். கை கூசியது, நெளிந்தேன், "ஆடாதீங்க" என்று பல்லைக் கடித்தாள். அவள் பூச ஆரம்பித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஈரம் சுத்தமாப் போச்சா பாத்துக்க. ஈரத்துமேல பைப் ஒட்டற சொல்யூஷன் போட்டா ஜாயின்ட் நிக்காது. நுனியையும் சேத்து மூடு, லீக்கு எப்பவும் ஓரத்துலதான் ஆரம்பிக்கும்" என்றேன். தேர்வாளர், "மாடல் பேசக் கூடாது" என்று அதட்டினார். ஆனால் உங்கள் தங்கை நுனிகளை இன்னொரு முறை மூடினாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் தலைவலி. ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் நாள் சுடுநீர் படக்கூடாது. பாத்திரம் கழுவினால் கையுறை. காலையும் மாலையும் நகத்தைச் சுற்றி எண்ணெய் தடவ வேண்டும். தின்னர், பைப் ஒட்டும் சொல்யூஷன் மாதிரிச் சரக்குகள் பக்கத்திலேயே போகக் கூடாது. ஓரம் பெயர்ந்தால் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் நகத்தின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும். எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில், "நகத்தை நகையாக நினையுங்கள், கருவியாக நினைக்காதீர்கள்." மச்சான், ஒரு பிளம்பரிடம் போய் இதைச் சொல்லலாமா? குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பின் முனையை எதனால் கிளப்புவது? வாஷரை எதனால் நெம்புவது? சாவி வளையத்தில் ஒரு சாவியைக் கோக்க அன்று முழுதாகப் பத்து நிமிஷம் ஆயிற்று, அதுவும் ஸ்பூனை வைத்துக்கொண்டு. தரையில் விழுந்த நாணயத்தை விட்டுவிட்டே வந்துவிட்டேன். உங்கள் மருமகள் தினமும் பள்ளிக்குப் போகும் முன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சுண்டு விரல்?" "ஆஜர்." "மோதிர விரல்?" "ஆஜர்" என்று வருகை எடுத்த பிறகுதான் எனக்குக் காலைச் சாப்பாடு.

'மீசை' என்று எல்லாரும் கூப்பிடும் என் கூட்டாளியை உங்களுக்குத் தெரியும். முதல் நாள் என் கையைப் பார்த்துவிட்டு வேலை நடந்த வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழியும்வரை சிரித்தான். "அண்ணே, மருதாணி எப்ப?" என்றான். சொல்யூஷன் வேலையெல்லாம் அவன் தலையில் விழுந்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. ஐந்தாம் நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து அருகில் வந்து, தன் விரல் ஓரத்து வெடிப்பைக் காட்டி, "அந்த எண்ணெய் இதுக்குக் கேக்குமாண்ணே?" என்றான். இப்போது இரண்டு பேரும் டீ குடித்த பிறகு எண்ணெய் தடவிக்கொள்கிறோம்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். ஏழாம் நாள் ஒரு ரிட்டயர்டு ஹெட் நர்ஸ் அம்மா வீட்டில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. கையுறையோடு தொட்டிக்கு அடியில் நட்டைத் திருப்பினால் மரை பிடித்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. கையுறையைக் கழற்றினால் மானம் போகும். யோசித்து, பத்து விரல் நுனியிலும் டெஃப்லான் டேப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். அந்த அம்மா பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்னப்பா இது, பத்து விரல்லயும் கட்டு?"

"சின்னக் காயம்மா" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"பத்துலயுமா? முப்பது வருஷம் ஹெட் நர்ஸா இருந்தவ நான். இதென்ன கட்டு, புடலங்கா கட்டு! உக்காரு. கையக் குடு."

நான் கையை இழுக்க, அவர் கையைப் பிடிக்க, என்னைவிட அவருக்குப் பலம் அதிகம். நாற்காலியில் உட்கார வைத்துச் சுண்டு விரலிலிருந்து பிரிக்கத் தொடங்கினார். முதல் நகம் வெளியே வந்ததும், "ஐயையோ, ரத்தம் கட்டியிருக்கே!" என்றார். இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவதைத் தன் விரலால் தேய்த்துப் பார்த்தார். பத்தையும் பிரித்து முடித்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, என் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"யார் போட்டது?"

"வீட்டுக்காரிங்க. பரீட்சைக்கு."

"ஓரமெல்லாம் என்ன சுத்தம்! ஆபரேஷன் தியேட்டர்ல தையல் போடற டாக்டருக்குக்கூட இந்தக் கை வராது" என்றவர், சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "ஏ பிள்ளைங்களா, இங்க வந்து பாருங்க!" என்று ஒரு குரல் கொடுத்தார். நான்கு வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு விரலைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருத்தி, "அண்ணே, அந்த ஸ்பேனரப் பிடிங்க" என்றாள். அது ஸ்பேனர் இல்லை, ரெஞ்ச் என்று நான் திருத்துவதற்குள் படம் எடுத்துவிட்டாள். அது அவள் அக்காவுக்குப் போய், அக்காவின் தோழிக்குப் போய், அங்கிருந்து உங்கள் வீட்டு அக்காவுக்கு வந்து, கடைசியில் காவல் துறையின் கையில் சிக்கிவிட்டது. தொட்டி அடைப்பையும் எடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

பதினான்காம் நாள் வந்தது. முந்தைய இரண்டு நாளாக உங்கள் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. தோசையைத் திருப்பிக்கொண்டே என் கையைப் பார்ப்பாள், தோசை கருகும். பயிற்சி நிலையத்தில் பன்னிரண்டு மாடல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், பதினொரு பெண்களும் நானும். தேர்வாளர் இன்னும் வரவில்லை. முடி கழுவும் பேசினுக்கு அடியில் 'டொப்' என்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். இணைப்புக் குழாய் பிடுங்கிக்கொண்டு, தண்ணீர் நேராக எதிர்ச்சுவருக்குப் பாய்ந்தது. எதிர்ச்சுவர் ஓரம்தான் விளக்குப் பெட்டிகள் எல்லாம், கரண்ட்டில் செருகியபடி. யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள். மற்றவர்கள் அலறினார்கள். மச்சான், பன்னிரண்டு மாடல்கள், இருபத்துநான்கு கைகள், அத்தனையும் தலைக்கு மேலே! ஒன்றும் கீழே இறங்கவில்லை. நான் மட்டும் பழக்க தோஷத்தில் இரண்டு எட்டு முன்னால் வைத்துவிட்டேன்.

"தொட்டீங்கன்னா பாருங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உங்கள் வீட்டில் வளர்ந்த குரல்தான். நின்றுவிட்டேன்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என் பையிலிருந்து ரெஞ்சை உருவிக்கொண்டு அவளே பேசினுக்கு அடியில் புகுந்தாள். முகத்தில் தண்ணீர் அடிக்கிறது. கண் திறக்க முடியவில்லை.

"வால்வு எங்க இருக்கு?"

"இடது பக்கம், சுவரோட ஒட்டி. கைக்குத் தட்டுப்படுதா?"

"படுது. இறுகிக் கெடக்கு."

"கொஞ்சம் எதிர்ப்பக்கம் அசைச்சுட்டு அப்புறம் மூடு. முரட்டுத்தனமா இழுக்காத, கழுத்து ஒடஞ்சுரும்."

"யாரு கழுத்து?" என்றாள் அந்த நிலையிலும்.

ஒரு முக்கல், தண்ணீர் நின்றது. தலை முதல் கால்வரை நனைந்து, கையில் ரெஞ்சோடு அவள் வெளியே வந்தபோது எல்லாரும் கை தட்ட ஆசைப்பட்டார்கள். நகத்துக்குப் பயந்து உள்ளங்கையால் மட்டும் மெதுவாகத் தட்டினார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவளை இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.

தேர்வாளர் வந்து, ஈரத்தரையைத் தாண்டித் தாண்டி ஒவ்வொரு கையாகப் பார்த்தார். ஒருவருக்கு நுனி உடைந்திருந்தது, டின்னைத் திறந்தாராம். ஒருவர் பேசிக்கொண்டே பிய்த்திருக்கிறார். என் முறை வந்தது. ஒன்பது விரல் தாண்டினார். வலது பெருவிரலில் நின்றார். ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. உங்கள் தங்கை மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள், எனக்குக் கேட்டது. தேர்வாளர் பூதக்கண்ணாடியை எடுத்தார், குனிந்தார், பிறகு மோந்து பார்த்தார்.

"பற்பசையா இது?"

உங்கள் மருமகள் காலையில் பளபளப்பாக இருக்கட்டும் என்று தேய்த்துவிட்டிருக்கிறாள். துடைத்ததும் போய்விட்டது. "பதினாலு நாள் ஒரு கீறல்கூட இல்லாம வந்தது இந்த ஒரு கைதான். என்ன சார் வேலை பாக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். உங்கள் தங்கைக்கு முதலிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அப்போதுதான் அழுதாள். ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஆக, நடந்தது இவ்வளவுதான் மச்சான். பஞ்சைத் திரவத்தில் நனைத்து, நகத்தில் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றி இருபது நிமிஷம் ஊற வைத்து முறைப்படி எடுத்தாயிற்று. இப்போது என் கை பழைய பிளம்பர் கை. இனிமேல் இந்தக் குடும்பத்தில் எந்த ஆண்மகன் நகத்திலும் ஒரு சொட்டு நிறம் ஏறாது என்று உறுதியளிக்கிறேன். அந்தப் படத்தை அழித்துவிடவும். உங்கள் அம்மாவிடம் காட்டியிருந்தால் வெளிச்சக் கோளாறு என்று சொல்லிவிடவும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் கை காட்டும் திசையில் எல்லா வண்டிகளும் ஒழுங்காகப் போகட்டும்.

என்றும் தங்கள் அன்பு மறவாத,
தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே கடைசிப் பத்தி நேற்று எழுதியது; பொருட்படுத்த வேண்டாம். பழையதை எடுத்துவிட்டுப் பார்த்தால் கை மொட்டையாக, யாரோ ஒருவர் கை மாதிரி இருந்தது. மீசைக்கும் பிடிக்கவில்லை. இன்று காலை பத்து விரலிலும் மயில் நீலம் போட்டாயிற்று. அப்புறம், உங்கள் தங்கைக்கு அடுத்த மாதம் இரண்டாம் நிலைத் தேர்வு. அதற்கு மாடல்கள் இரண்டு பேர் வேண்டுமாம். இரண்டாவது பெயராக உங்களைப் பதிந்து நானே கையெழுத்தும் போட்டுவிட்டேன். வரும்போது நகம் வெட்டாமல் வாருங்கள். உங்களுக்குத்தான் வேலை நேரத்தில் வெள்ளைக் கையுறை உண்டே மச்சான், என்ன கவலை?